புல்லுக்கு ஜனக்கணிதம்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



இன்று நான் செடிகொடிகளின் இனவிருத்தியைப் பற்றிப் பேசுவதாக விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். மழை இல்லை, விளைந்ததற்கு விலை இல்லை என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது இவர் புல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். தோன்றினால் தப்பில்லை. ஆனால் நாம் தினந்தோறும் மிதித்துக்கொண்டு போகிற புல்லைப் பற்றியே நமக்குச் சரியாய்த் தெரியவில்லை என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு கலியாணத்திற்குப் போயிருந்தேன். வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு பக்கமும் கட்டியிருந்தது. ஒரு பெரியவர் எழுந்து மணமக்களை வாழ்த்தினார். ஆலமரத்தைப் போலத் தழைக்க வேண்டும், அருகம்புல்லைப் போல வேரோட வேண்டும், மூங்கிலைப் போலச் சுற்றம் சூழ வேண்டும், வம்சம் வாழையடி வாழையாக வளர வேண்டும் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு மாத்திரம் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அவர் எடுத்துச் சொன்ன நாலுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. நாலும் கலியாணம் செய்துகொள்ளாமலே பெருகக்கூடியவை!

வாழைக்குப் பக்கத்தில் கன்று வருகிறது. அது பிள்ளை அல்ல, அதே வாழைதான். அருகு கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. மூங்கில் பூமிக்குள்ளேயே கிழங்கு ஓட்டிப் புதர் கட்டுகிறது. ஆல் விழுதிறக்குகிறது. ஆலுக்கும் அருகுக்கும் மூங்கிலுக்கும் விதையும் உண்டு என்பது வாஸ்தவம். நம் தோட்டத்து வாழைக்கு மட்டும் அதுவும் கிடையாது. பழத்துக்குள் கறுப்பாய்ச் சிறு புள்ளி இருக்கிறதே, அதுதான் விதையாக வேண்டியிருந்து ஆகாமல் போனது. ஆகவே பெரியவரின் வாழ்த்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அந்த மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிள்ளையே பிறக்காமல் அவர்களுடைய நகல்களே வீடு நிறைய நிற்க வேண்டும் என்று ஏற்படும்!

வேடிக்கை இருக்கட்டும். இதிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. ஒரு மைதானம் முழுதும் அருகு பரவிக் கிடக்கிறது. அதில் எத்தனை அருகம்புல் இருக்கிறது? பத்து லட்சம் என்பீர்களா, ஒன்று என்பீர்களா?

நாற்று நட்டவர்களுக்குத் தூர் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாற்று தூர்விட்டுப் பல தண்டாகிறது. அதைப்போலவே காட்டுச் செடிகளிலும் கண்ணுக்குத் தெரிகிற தண்டுகளை எண்ணுவது ஒரு கணக்கு. இதைத் தூர்க்கணக்கு என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விதையிலிருந்து இவ்வளவும் கிளம்பிற்று என்று எண்ணுவது மற்றொரு கணக்கு. இது வித்துக்கணக்கு. ஜான் ஹார்ப்பர் என்னும் ஆங்கில நிபுணர் 1977-இல் எழுதிய பெரிய புத்தகத்தில், இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செடிகளின் ஜனத்தொகையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பதை நன்றாக விளக்கியிருக்கிறார். விதையில் பிறப்பது புதுப்பிறவி. தாய்ச்செடியில் பாதி, மகரந்தம் கொடுத்த செடியில் பாதி, சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு கை சீட்டு. தூரிலோ கலைப்பதே இல்லை. அச்சில் எடுத்த பிரதிதான். ஆயிரக்கணக்கான வருஷத்தில் அங்கங்கே ஓர் எழுத்துப்பிழை நேரலாம், அவ்வளவே.

தூராகப் பெருகுவது மட்டமான வழி என்று நினைத்துவிடாதீர்கள். விதையிலிருந்து முளைக்கும் குருத்துக்குக் கையில் இருப்பு மிகக் கொஞ்சம். நாலு நாள் வெய்யில் காய்ந்தால் போயிற்று. தூருக்கோ தாயின் வேரிலிருந்தே தண்ணீரும் உணவும் வருகின்றன. நிழலில் அகப்பட்ட தூருக்கு வெய்யிலில் நிற்கும் தூர் சோறு அனுப்புகிறது. இதனாலேயே இவை சாவதும் இலேசில் இல்லை. கல்கத்தாவுக்கு அக்கரையில் ஹௌராவிலுள்ள தாவரத் தோட்டத்தின் பெரிய ஆலமரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1864-லும் 1867-லும் புயலில் அடிபட்டு, பிறகு காளான் பற்றி அடிமரம் அழுகிப்போயிற்று. 1925-இல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை. விழுதுகளே ஆயிரக்கணக்கான தூண்களாய் நின்று இன்றும் ஏக்கர் கணக்கில் நிழல் தருகிறது. ஆதி மரம் எங்கே என்று கேட்டால் காட்ட இடமில்லை!

இனி, மைதானத்துக் கேள்விக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் ஹார்பர்ட் என்பவர் 1961-இல் ஒரு காரியத்தை வெளியிட்டார். அந்தக் காலத்தில் டி.என்.ஏ. சோதனை என்பது கிடையாது. அவர் நூறு கஜச் சதுரமுள்ள மேய்ச்சல் தரையில் பெஸ்க்யூ என்னும் சிவந்த புல்லை 1,481 இடங்களிலிருந்து பிடுங்கி வந்தார். எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில் நட்டார். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, வெய்யில் ஒன்று என்று ஆனபிறகும் இரண்டு புல் நிறத்திலோ, வாட்டத்திலோ, பூக்கும் காலத்திலோ வேறுபட்டால் அது பிறவி வித்தியாசமாகத்தானே இருக்க வேண்டும்? இப்படித் தரம் பிரித்துப் பார்த்ததில் 1,481 புல்லும் 170 வித்துக்களில் அடங்கிவிட்டன. அதிலும் ஒரே வித்து மாத்திரம் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 51 பங்கு, இடத்தைப் பிடித்திருந்தது. அந்த ஒரே புல் 200 மீட்டருக்கு மேல் பரவியிருந்தது. புல் நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டால், அது முளைத்துப் பல நூறு வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். மாடுகள் மேய்ந்தன, செத்தன. புல் அங்கேயே இருக்கிறது. தோழர்களே! இதைக் கண்டுபிடிக்க அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு மண்வெட்டியும் பொறுமையும்தான்.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பிஷ் லேக் என்ற ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பென் காடு இருக்கிறது. ஆஸ்பென் இலை நம் அரசிலையைப் போலச் சிறு காற்றுக்கும் நடுங்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அதில் நம் பனையைப் போல. இந்தக் காட்டின் பரப்பு சுமார் 106 ஏக்கர். தண்டுகளை எண்ணினால் சுமார் 47,000. 1976-இல் கெம்பர்மன், பார்ன்ஸ் என்ற இருவர் இலை முதலியவற்றின் சாயலைப் பார்த்து இது முழுவதும் ஒரே மரம் என்று எழுதினார்கள். ஒரு வித்தின் தூர்களெல்லாம் வசந்த காலத்தில் ஒருமிக்கத் துளிர்க்கும்; இலை உதிர் காலத்தில் ஒருமிக்க மஞ்சளாகும். இதைத் தூரத்தில் நின்றே பார்க்கலாம். 1992-இல் வேறு மூவர் இதற்குப் பாண்டோ என்று பெயர் வைத்தார்கள். "நான் பரவுகிறேன்" என்று லத்தீனில் அர்த்தம். 2008-இல் டி.என்.ஏ. சோதனையும் அதையே ருஜுப்படுத்திற்று. 47,000 தண்டு, ஒரே வேர்க்கூட்டம், ஒரே ஆண் மரம், சுமார் ஆறாயிரம் டன் எடை!

இதன் வயசு என்ன? 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தண்டுக்குத் தண்டு சேர்ந்திருக்கும் எழுத்துப்பிழைகளை எண்ணிப் பார்த்து, 16,000-க்கும் 80,000-க்கும் நடுவே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளியா என்று கேட்காதீர்கள். தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகச் சொல்வது அவர்கள் வழக்கம். நமது ஸ்தலபுராணக்காரரிடம் விட்டிருந்தால் யுகம், வருஷம், மாதம், நட்சத்திரம் உட்படச் சொல்லி, பக்கத்தில் ஓர் உண்டியலும் வைத்திருப்பார்.

இத்தனை யுகம் தாண்டிய மரத்திற்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து என்ன தெரியுமா? மான்களும் மாடுகளும் இளந்தூரைத் தின்றுவிடுகின்றன. பழைய தண்டுகள் சாகின்றன. அவைகளின் இடத்திற்குப் புதுத்தண்டு எழும்பவில்லை. 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இது ஸ்பஷ்டமாய்த் தெரிந்தது. தூர்க்கணக்கு மட்டும் வைத்திருப்பவன், 47,000 மரம் இருக்கிறதே, நூறு செத்தால் என்ன என்பான். வித்துக்கணக்குத் தெரிந்தவனுக்கு, ஒரே ஒரு கிழவனுக்கு உடம்பு சரியில்லை என்று விளங்கும்.

இதைவிடப் பரிதாபமானது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் இருக்கிறது. அங்கே 1934-இல் டெனி கிங் என்ற ஈயச் சுரங்கக்காரர் சிவந்த பூப்பூக்கும் ஒரு செடியைக் கண்டார். அவர் பெயராலேயே அதைக் கிங் லொமேஷியா என்கிறார்கள். உலகத்தில் அது ஒரே பிரதேசத்தில்தான் உண்டு. எண்ணினால் சில நூறு தண்டுகள். பூக்கிறது, காய்ப்பதே இல்லை. 1998-இல் வெளிவந்த சோதனையில், எல்லாத் தண்டும் ஒன்றுக்கொன்று எவ்வித வித்தியாசமும் இல்லாத ஒரே வித்து என்று தெரிந்தது. காய்க்காததற்குக் காரணமும் தெரிந்தது. மற்றச் செடிகளுக்குப் பாரம்பரியக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாய் இருக்கும். இதற்கோ மும்மூன்றாய் இருக்கின்றன. மூன்று மாட்டை ஜோடியாக ஏரில் பூட்டச் சொன்னால் ஒன்று மிஞ்சிவிடுகிறதல்லவா? அப்படியே மகரந்தமும் கருவும் உண்டாகும்போது சரிபாதியாய்ப் பிரிய முடியாமல் போகிறது. நம் வாழையிலும் பெரும்பாலான ஜாதிகளுக்கு இதே மூன்றுதான். பாண்டோவுக்கும் மூன்றுதான்.

அந்தப் பிரதேசத்திலேயே மண்ணுக்குள்ளிருந்து 43,600 வருஷத்துக்குக் குறையாத இலைகள் அகப்பட்டிருக்கின்றன. இன்றைய இலைக்கும் அதற்கும் வித்தியாசம் காணோம். ஆகவே அன்று முதல் இன்றுவரை ஒரே செடியேதான் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு வருகிறது என்று அனுமானிக்கிறார்கள். அனுமானம்தான், ஆனால் ஆதாரத்தோடு கூடிய அனுமானம். இப்போது காட்டுத் தீயும், வேரை அழுக வைக்கும் பைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமியும் அதைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கிருமி ஒரு தண்டைக் கொல்லக்கூடுமானால் எல்லாத் தண்டையும் கொல்லக்கூடும். ஒருவனுக்கு வந்த சுரம் தாங்கும் மற்றொருவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஹோபார்ட் நகரத் தாவரத் தோட்டத்தில் கொம்பு வெட்டி வைத்து வளர்த்து வருகிறார்கள். அதுவும் இன்னொரு பிரதிதான்.

இப்படிச் சொன்னவுடன் தூராகப் பெருகும் செடியெல்லாம் ஒரே வித்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெடுநாள் வரையில் நிபுணர்களே அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1987-இல் எல்ஸ்ட்ராண்ட், ரூஸ் என்ற இருவர், அதுவரையில் சோதித்துப் பார்த்த 21 இனங்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு வித்தும் அல்ல, எல்லாம் வேறு வேறும் அல்ல. பல வித்துக்கள் கலந்தே இருந்தன. விதை எப்போதோ ஒருமுறை முளைத்தால் போதும், அந்தக் கலவை நிலைத்துவிடும். 1979-இல் சோன், வாட்கின்ஸன் என்பவர்கள் ரானங்குலஸ் என்ற ஓடுகொடியைக் கணக்கிட்டு இதைக் காட்டினார்கள். வருஷந்தோறும் புதிதாய் வருபவைகளில் விதைக்கன்று மிகச் சொற்பம். அந்தச் சொற்பமே தரையில் பல வித்துக்களை நிறுத்தி வைக்கப் போதுமானதாயிருந்தது.

சரி, பல வித்து இருந்தால் என்ன லாபம்? கண்ணால் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. கடலுக்கடியில் வளரும் ஜோஸ்டெரா என்ற கடற்புல்லை வைத்துக் கலிபோர்னியாவில் போடேகா வளைகுடாவில் ஹ்யூஸ் என்ற அம்மையாரும் ஸ்டாகோவிச்சும் சோதனை நடத்தி 2004-இல் வெளியிட்டார்கள். சிறு சிறு பாத்தி கட்டி, சிலவற்றில் ஒரே வித்தின் தூரையும், மற்றவைகளில் இரண்டு, நாலு, எட்டு வித்துக்களின் தூரையும் நட்டார்கள். மொத்தத் தூர் எல்லாவற்றிலும் சமம். பிறகு குளிர்காலத்து வாத்துக்கள் கூட்டமாய் வந்து மேய்ந்துவிட்டன. மேய்ந்துபோன பிறகு எண்ணினால், வித்து அதிகமிருந்த பாத்தியில் மிஞ்சிய புல்லும் அதிகம். பழைய அடர்த்திக்குத் திரும்பப் பிடித்த நாளும் குறைவு. ஆனால் அவர்கள் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மறுபடி தழைக்கும் வேகம் எல்லாப் பாத்தியிலும் ஒன்றுதான்; கலப்புப் பாத்தி சீக்கிரம் தேறியது முதலில் குறைவாக நஷ்டப்பட்டதனால் மட்டுமே என்றார்கள். தனக்குச் சாதகமானதில் பாதியைக் குறைத்துச் சொல்லும் இந்த நாணயம் எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்கு முந்தி 2003-இல் ஐரோப்பாவில் கொடுமையான கோடை. பால்டிக் கடலில் ராய்ஷ் என்பவரும் அவர் தோழர்களும் அதே புல்லை ஒன்று, மூன்று, ஆறு வித்துக்களாக நட்டு வைத்திருந்தார்கள். கடல் நீர் அந்தப் புல்லைக் கொல்லுகிற அளவுக்குக் காய்ந்தது. ஆறு வித்து கலந்த பாத்திகள், தனி வித்துப் பாத்திகளைவிட அடர்த்தியாய்த் தேறின. அதில் ஒண்டிவாழும் சிறு பிராணிகளும் அதிகமாயிருந்தன. எந்த வித்துக்குச் சூடு தாங்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சீட்டு பல கையில் இருந்ததால் ஏதோ ஒரு கையில் அது இருந்தது.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "எங்கள் ஏரியை அடைத்திருக்கும் வெங்காயத்தாமரைக்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சில ஊரில் ஆகாயத்தாமரை என்றும் சொல்லுகிற அந்தச் செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமெஸான் பிரதேசம். வங்காளத்தில் அதன் தொல்லை பொறுக்காமல் 1936-இல் தனிச் சட்டமே செய்தார்கள். சட்டத்தை அது படிக்கவில்லை! 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, சொந்த ஊருக்கு வெளியே அது பரவிய இடங்களில் நூற்றுக்குச் சுமார் 80 இடத்தில் இருப்பது ஒரே வித்து. பிரிட்டனில் வீட்டுச் சுவரோரமெல்லாம் கிளம்பித் தொல்லை கொடுக்கும் ஜப்பானிய நாட்வீட் செடியும் அப்படியே. தேசம் முழுவதிலுமிருந்து 150 மாதிரி எடுத்துப் பார்த்து, அத்தனையும் ஒரே பெண் செடியின் தூர் என்று 2000-இல் சொன்னார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் வளைகுடாவிலோ பொசிடோனியா என்ற ஒரே கடற்புல் 180 கிலோமீட்டர் நீளம் படர்ந்திருப்பதாக 2022-இல் கண்டார்கள். சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தாலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். 4,500 வருஷமாவது அதற்கு வயசிருக்கும். வழக்கமான 20 குரோமோசோமுக்குப் பதிலாக அதற்கு 40 இருக்கின்றன. இரண்டு செடியின் முழு ஆஸ்தியும் ஒரே உடலில் சேர்ந்ததுபோல. அதுவே அதன் பலமாயிருக்கலாம் என்கிறார்கள்.

ஆகவே ஒரே வித்தினால் வெற்றியே கிடையாது என்று நான் சொன்னால் அது பொய். புது இடம், விரோதி குறைவு, தண்ணீர் தாராளம் என்றால் ஒரே நகல் குளத்தை மட்டுமல்ல, உலகத்தையே அடைத்துவிடும். அதன் குறை தெரிவது நிலைமை மாறும்போதுதான். போடேகாவில் எல்லாப் பாத்தியையும் ஒரே மாதிரி நட்டுவைத்தும், வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்தது வாத்துக்கள்தானே?

இந்த இடத்தில் உங்களில் பலர் முகத்தைப் பார்த்தால், செடியிலிருந்து மனிதனுக்குத் தாவி, ஜாதி, கலப்பு என்று ஒரு போடு போடுவேன் என்று எதிர்பார்ப்பதாகத் தெரிகிறது. நான் அதைச் செய்யப் போவதில்லை. ஜாதி ஒழிய வேண்டும் என்பதற்கு மனிதனின் மானமும் நியாயமுமே போதுமான காரணம். அதற்குப் புல்லின் சாட்சி வேண்டியதில்லை. இன்று நமக்குச் சாதகம் என்று புல்லிலிருந்து மனிதனுக்குச் சட்டம் எடுத்தால், நாளை எதிரியும் வேறொரு பூண்டைக் கொண்டுவந்து காட்டுவான்.

இதன் உபயோகம் வேறே இடத்தில் இருக்கிறது. நம் பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் தரைகள் உண்டு. கரையோரத் தோழர்களுக்குத் தெரியும்; கடற்பசுவுக்கு அதுதான் ஆகாரம், மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும் அதுதான் தொட்டில். 2022-இல் தமிழ்நாடு அரசாங்கத்தார் கடற்பசுவுக்கென்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பிடமாக்கினார்கள். புல் அழிந்த இடத்தில் வேறிடத்துத் தூரைக் கொண்டுபோய்க் கட்டி நடும் வேலையும் நடந்திருக்கிறது. நல்ல காரியம். அதில் யாராவது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தூரை எங்கிருந்து பிடுங்கினீர்கள்? கைக்கெட்டிய ஒரே தரையிலிருந்து ஆயிரம் தூர் பிடுங்கினால் ஒருவேளை ஒரே வித்தை ஆயிரமாய் நட்டிருப்போம். படகை நாலைந்து இடத்தில் நிறுத்தி, தள்ளித் தள்ளிப் பிடுங்கினால் எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவே. காட்டு இலாகா நட்ட கணக்கைக் காட்டும்போதும், எத்தனை நட்டீர்கள் என்பதோடு எத்தனை வித்து என்று கேட்கலாம். மூங்கில் நடுகிறவர்களிடமும் இதையே கேட்கலாம்.

நான் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வாசகசாலைக்குப் பின்னால் மந்தைவெளியில் அருகு கிடக்கிறது. வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்து, இருபது இருபது அடி தள்ளி, முப்பது இடத்தில் ஒரு கணு பிடுங்குங்கள். முப்பது சட்டியில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஒரே வெய்யிலில் வையுங்கள். எந்த இடத்துப் புல் எந்தச் சட்டியில் என்று எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதத்தில் தெரியும் வித்தியாசத்தை நம்பாதீர்கள். பழைய மண்ணின் வாசனை அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்து இலையின் அகலம், நிறம், கணுவுக்குக் கணு தூரம், பூக்கும் நாள் இவைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதும் எத்தனை கூட்டமாய்ப் பிரிகிறது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால் சட்டிகளைப் பார்க்க வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.